வெயில் அடிக்கிறது, குளிர் போகவில்லை: வாசகர் கேள்விகள்

காலையில் தடிமனான ஜாக்கெட் இல்லாமல் வெளியே கால் வைக்க முடியவில்லை. மதியம் அதையே கையில் சுமந்துகொண்டு அலைகிறேன். சாயங்காலம் மறுபடி நடுக்கம். இன்னும் நல்ல ஜாக்கெட்டாக வாங்கினால் தீருமா?

தீராது. எவ்வளவு விலை கொடுத்தாலும் ஒற்றை ஜாக்கெட்டைப் போடலாம், கழற்றலாம், அவ்வளவுதான். வசந்தத் தொடக்கத்து நாளுக்கு நடுவில் இன்னும் இரண்டு மூன்று நிலை தேவை. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை விடிய விடிய வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கும். அதனால்தான் பொழுது விடியும் நேரத்தில் குளிர் உச்சத்தில் இருக்கிறது. அதே தெளிந்த வானம் மதியம் சுள்ளென்று வெயிலைக் கொட்டும்.

மெல்லியதாக மூன்று போதும். உடம்பை ஒட்டி ஒன்று, அதன்மேல் கதகதப்புக்கு ஃபிளீஸோ கம்பளியோ ஒன்று, காற்றையும் தூறலையும் தடுக்க ஒன்று. உடம்புச் சூட்டைப் பிடித்து வைப்பது துணிகளுக்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான். ஆகவே மேலே போடுவது உள்ளே இருப்பதை அமுக்காமல் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கட்டும். நடுவில் போடுவதற்கு முழு நீள ஜிப் இருப்பதாகப் பாருங்கள். தலைவழியாகக் கழற்ற வேண்டிய ஸ்வெட்டர் என்றால், 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று அதோடேயே வியர்த்துக்கொண்டு நடப்போம்.

நடக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. நின்ற ஐந்தாவது நிமிடம் முதுகு சில்லிட்டு வெடவெடவென்று நடுங்குகிறது. உள்ளே பருத்தி பனியன், மேலே கனமான ஸ்வெட்டர். இன்னொரு ஸ்வெட்டர் சேர்க்கவா?

சேர்க்காதீர்கள், ஒன்றைக் குறையுங்கள். உங்களை நடுங்க வைப்பது உங்கள் வியர்வை. தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு லேசில் காயாது. நடக்கும்வரை உடம்பு உண்டாக்கும் சூடு அதை மறைத்துவிடும். நின்றதும் ஈர பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டு உள்ளதையெல்லாம் உறிஞ்சும். பாலியெஸ்டர் ஈரத்தை ஏறக்குறைய உள்ளிழுப்பதே இல்லை, சீக்கிரம் காயும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் பிசுபிசுக்காது. மெல்லிய கம்பளி பனியன் கிடைத்தால் என் ஓட்டு அதற்குத்தான்.

துணியைவிட நடை முக்கியம். வீட்டை விட்டு இறங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே இதமாக இருந்தால் கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கொஞ்ச தூரம் போனதும் காலருக்குள் கையை விட்டு, பின்கழுத்துக்குக் கீழே தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக, உலர்ந்து இருந்தால் சரி. பிசுபிசுத்தால் முதலில் வேகத்தைக் குறையுங்கள், பிறகு கழுத்து ஜிப்பை இறக்குங்கள், அதற்கும் அடங்காவிட்டால் ஒன்றைக் கழற்றுங்கள். கடுங்குளிர் நாடுகளில் வெளியே வேலை செய்கிறவர்கள் வியர்க்காத வேகத்தில் வேலை செய்யப் பழகியிருப்பது இதனால்தான். எங்காவது உட்காரப் போகிறீர்களா? குளிர ஆரம்பிக்கும் முன்பே கழற்றியதை மாட்டிவிடுங்கள். குளிர்ந்த பிறகு மாட்டினால் மீண்டும் சூடேற வெகுநேரம் பிடிக்கும்.

வானிலைச் செயலி 5 டிகிரி என்கிறது. வெளியே போனால் உறைகிறதே?

ஊதற்காற்றின் வேலை. 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், வெறும் தோலுக்கு அது 0 டிகிரி போலத்தான் படும். வெப்பநிலையோடு காற்றின் வேகத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

உடம்புச் சூட்டில் பாதி தலைவழியாகப் போகிறது என்கிறார்களே?

இல்லை. தலையின் பரப்பு எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு, பத்தில் ஒரு பங்கு. ஆனாலும் குல்லா வையுங்கள். பையில் மடித்துப் போட அதைவிடச் சுலபமான உடுப்பு வேறில்லை.

இரண்டு ஜோடி காலுறை போட்டும் விரல் மரத்துப்போகிறது.

ஷூ இறுகிவிட்டது. இறுக்கம் ரத்த ஓட்டத்தையும் குறைக்கும், உள்ளே இருக்க வேண்டிய காற்றையும் பிதுக்கித் தள்ளும். ஒரு ஜோடி போதும், விரல்கள் உள்ளே அசைய வேண்டும்.

குழந்தையைக் காரில் அழைத்துப் போகும்போது பஞ்சு ஜாக்கெட் போடலாமா?

கார் இருக்கையில் உட்கார வைக்கும்போது வேண்டாம். மோதலில் அந்த உப்பல் அமுங்கி, இறுக்கமாகத் தெரிந்த பட்டை தளர்ந்துபோகும். மெல்லிய உடுப்போடு பட்டையைப் போட்டு, அதற்குமேல் போர்வையை விரியுங்கள்.

பகல் நீண்டுவிட்டது. எல்லோரும் ஓடக் கிளம்பிவிட்டார்கள். எனக்கோ போர்வையை விட்டு எழவே மனமில்லை. சோம்பேறித்தனமா?

மார்ச் 20ஐ ஒட்டியும் செப்டம்பர் 22, 23ஐ ஒட்டியும் பகலும் இரவும் ஏறத்தாழ சமம். வட அரைக்கோளத்தில் வெளிச்சக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் செப்டம்பர் எவ்வளவு இதமாக இருக்கும்! கோடை முழுக்க நிலமும் கடலும் சேர்த்து வைத்த சூடு அப்போது இருக்கும். மார்ச்சில் அந்தச் சேமிப்பு காலி. பூமியே சூடேற வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும்போது உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?

விடிகாலை ஓட்டத்தை விட்டுவிட்டு, வெயில் ஏறியபின் பேசிக்கொண்டே போகக்கூடிய நடையாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம் இன்னும் மெதுவாக. தசைகள் விறைப்பு விட நேரம் வேண்டும். எழுந்ததும் ஜன்னல் பக்கமோ வெளியிலோ வெளிச்சம் படும்படி இருந்தால் தூக்க நேரம் தானாகச் சீராகும். இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் குளிரில் மூச்சிரைக்க உழைப்பதைத் தவிர்க்க வேண்டும்: குளிர் ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும், குளிர்ந்த காற்று மூச்சுக்குழலையும் சுருக்கலாம். அசதியோடு மனச்சோர்வும் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அதைச் சோம்பல் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள்.

கம்பளி உடுப்புகளை எப்போது மூட்டை கட்டுவது?

ஒரேயடியாக வேண்டாம். கனமான கோட்டு முதலில் போகட்டும். குல்லாவும் கையுறையும் கடைசிவரை கைப்பையிலேயே கிடக்கட்டும். உள்ளே வைக்கும் முன் துவைத்து நன்றாகக் காயவையுங்கள். வியர்வையும் கறையும் படிந்த கம்பளியைத்தான் அந்துப்பூச்சியின் புழுக்கள் முதலில் அரிக்கும்.