ஐபிஎல் வந்ததும் ஆறு பேர்

அன்புள்ள அண்ணா,

முத்தியால்பேட்டையில் மாலை நேரத்தில் பையன்களுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறேன். ஜனவரியில் பதினெட்டுப் பேர் வந்தார்கள். ஐபிஎல் தொடங்கியதும் ஆறு பேர். 2018-ல் பிரான்ஸ் உலகக் கோப்பையை ஜெயித்த இரவு எங்கள் தெருவில் வெடி வெடித்தவர்கள்கூட மகனுக்கு பேட்தான் வாங்கித் தருகிறார்கள். அமெரிக்காவிலும் வேறு விளையாட்டுகள்தானே ராஜா? அங்கே கால்பந்து எப்படி வளர்ந்தது? நமக்கும் ஒரு பெரிய நட்சத்திரம் வந்தால்தான் விடியுமா?

இரா., புதுச்சேரி

அன்புள்ள தம்பி,

ஏப்ரல் வெயிலில், ஐபிஎல் நேரத்தில் ஆறு பேர் நிற்கிறார்களே, அவர்களை விட்டுவிடாதீர்கள்.

நட்சத்திர வைத்தியத்தை அமெரிக்கா எப்போதோ செய்து பார்த்துவிட்டது. 1975-ல் பெலேயை நியூயார்க் காஸ்மோஸ் அணிக்குக் கூட்டிவந்தார்கள். 1977-ல் ஓர் ஆட்டத்துக்கு 77,000 பேருக்கு மேல் கூட்டம். அந்த ஆண்டே அவர் ஓய்வு பெற்றார். 1984 சீசனோடு அவர் ஆடிய லீக்கையே மூடிவிட்டார்கள். தேர் நிலைக்கு வந்ததும் கூட்டம் கலைந்த கதைதான்.

அப்புறம் அமெரிக்காவிலேயே நடந்த 1994 உலகக் கோப்பையும் 1996-ல் தொடங்கிய எம்எல்எஸ் லீக்கும் உதவின, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது 1972-ல் வந்த ஒரு சட்டம். மத்திய அரசின் பணம் வாங்கும் பள்ளி, கல்லூரிகள் ஆண், பெண் பேதம் பார்க்கக் கூடாது; விளையாட்டிலும்தான். கல்லூரிகள் பெண்களுக்கும் அணி சேர்க்க வேண்டியதாயிற்று. கால்பந்துக்குச் செலவு குறைவு, ஒரே அணியில் நிறையப் பேருக்கு இடம். பையன்களை அமெரிக்கன் ஃபுட்பாலும் பேஸ்பாலும் கூடைப்பந்தும் ஏற்கெனவே பங்கு போட்டுக்கொண்டிருந்தன. பெண்களை யாரும் கேட்கவில்லை. 1991-ல் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையே அமெரிக்காவுக்குத்தான். 1999-ல் மறுபடி ஜெயித்தபோது கலிஃபோர்னியாவில் இறுதி ஆட்டம் பார்க்க 90,000 பேர் வந்திருந்தார்கள்.

கடலூர்க்காரன் இதைச் சொல்வதில் ஊர்ப் பெருமையும் கொஞ்சம் உண்டு. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் எங்கள் ஊர்ப் பெண். 2018-ல் தமிழ்நாட்டுப் பெண்கள் இறுதி ஆட்டத்தில் மணிப்பூரைத் தோற்கடித்து தேசிய சாம்பியன் ஆனார்கள். பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை ஜெயிப்பது, ரஞ்சியில் மும்பையை ஜெயிப்பது மாதிரி.

நான் காலையில் நடக்கப் போகும் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை நான்கு கிரிக்கெட் ஆட்டம் ஒரே நேரத்தில் நடக்கும். ஒரு ஆட்டத்தின் ஃபீல்டர் இன்னொரு ஆட்டத்தின் பிட்சில் நிற்பான். சுவரோரம் மிஞ்சிய இடத்தில் ஏழெட்டுப் பெண் பிள்ளைகள் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருத்தியின் பூட்ஸ் அக்காவுடையது போல. முனையில் துணி திணித்து, லேஸைக் கணுக்காலில் இரண்டு சுற்று சுற்றிக் கட்டியிருந்தாள். என்னுடன் நடக்கும் பெரியவர், “வெயில்ல கறுத்துடப் போறீங்கம்மா” என்றார். “தள்ளி நில்லுங்க தாத்தா, பந்து வருது” என்றாள்.

அந்தப் பன்னிரண்டு பையன்களைக் கெஞ்ச வேண்டாம். ஐபிஎல் முடிந்தால் பாதிப் பேர் வருவார்கள், வராமலும் போவார்கள். இருக்கிற ஆறு பேரின் அக்கா தங்கைகளைக் கூப்பிட்டுப் பாருங்கள். பயிற்சியை விளக்கு வைப்பதற்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டாம் நாளே வீட்டில் நிறுத்திவிடுவார்கள். பன்னிரண்டு வயதுக்குள் என்றால் ஐந்தாம் நம்பர் பந்து பெரிது, நாலாம் நம்பர்தான் சரி. முதல் பந்து என் செலவு. எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள்.