விடுமுறையில் என்ன வாசிக்கலாம்? ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

விடுமுறை தொடங்கியதுமே "என்ன வாசிக்கலாம் டீச்சர்?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நான் வாசித்து, வகுப்பறையில் எனக்குக் கைகொடுத்த புத்தகங்களை மட்டும் சொல்கிறேன்.

கேள்வி: வாங்கி அடுக்கியவை பதினைந்து இருக்கின்றன. எதைத் தொடுவது என்று யோசித்தே விடுமுறை ஓடிவிடும். ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்களேன்.

'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. டெட்சுகோ குரோயாநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981இல் ஜப்பானில் வெளியான புத்தகம். தமிழிலும் உண்டு. முதல் பள்ளியில் சிறுமி டோட்டோ-சானை வைத்துச் சமாளிக்க முடியாது என்று வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அடுத்துச் சேரும் பள்ளியில் பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறைகள். அங்கே தலைமையாசிரியர் கோபயாஷி முதல் நாளே அவளை எதிரில் உட்கார வைத்து, நான்கு மணி நேரம் அவள் பேசுவதைக் கேட்கிறார். ஒரு கொட்டாவிகூட விடவில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்த இடம் வேறு. கழிவறைக் குழிக்குள் விழுந்த பணப்பையைத் தேடி, சிறுமி அகப்பையால் கழிவை வாரி வெளியே குவித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கம் வருகிற தலைமையாசிரியர் திட்டவில்லை, உதவிக்கும் ஓடி வரவில்லை. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய் இல்லையா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். அவளும் போட்டுவிடுகிறாள். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அந்த இடத்தில் நான் இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நெடுநேரம் யோசித்தேன். நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: அதெல்லாம் சின்னப் பள்ளிக்குச் சரி. என் வகுப்பில் ஐம்பது பேர், முடிக்க வேண்டிய பாடமும் மலைபோல் கிடக்கிறது. அப்படிப்பட்ட ஆசிரியருக்கு யார் எழுதியிருக்கிறார்கள்?

கிஜுபாய் பதேகா எழுதியிருக்கிறார். குஜராத்தியில் வந்த அவருடைய 'பகல் கனவு' தமிழிலும் கிடைக்கிறது. லட்சுமிராம் என்ற கற்பனை ஆசிரியர், கல்வி அதிகாரியிடம் கேட்டு ஒரு நான்காம் வகுப்பை ஓராண்டுக்கு வாங்கிக்கொள்கிறார். தேர்வு, பாடத்திட்டம், முகம் சுளிக்கும் சக ஆசிரியர்கள் என்று நமக்கு இருக்கிற எல்லாத் தடையும் அவருக்கும் உண்டு. முதல் நாளே தோற்றுப் போகிறார். அமைதி விளையாட்டு என்று ஆரம்பிக்க, பிள்ளைகள் கூச்சல் போட்டுத் தீர்த்துவிடுகிறார்கள். பிறகு கதை சொல்லத் தொடங்குகிறார், வகுப்பு அவர் கைக்கு வருகிறது. தோல்வியை மறைக்காமல் எழுதியிருப்பதால்தான் அந்தப் புத்தகத்தை நம்ப முடிகிறது.

கேள்வி: நான் கணித ஆசிரியர். கல்வித் தத்துவம் வேண்டாம், பாடத்துக்கு உதவுகிற மாதிரி ஒன்று வேண்டும்.

ஜார்ஜ் போல்யா 1945இல் எழுதிய 'ஹவ் டு சால்வ் இட்'. கணக்கைப் புரிந்துகொள்வது, திட்டம் போடுவது, செய்வது, திரும்பிப் பார்ப்பது என்ற நான்கு படிகளைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றைவிட, மாணவர் திணறும்போது ஆசிரியர் கேட்க வேண்டிய சின்னச் சின்னக் கேள்விகள்தான் புத்தகத்தின் உயிர். எதைக் கண்டுபிடிக்க வேண்டும்? என்ன கொடுத்திருக்கிறார்கள்? இதைப் போன்ற எளிய கணக்கு ஏதாவது தெரியுமா? ஒரே மூச்சில் வாசிக்காதீர்கள். உங்களுக்கே வராத கணக்கு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பென்சிலும் கையுமாக வாசியுங்கள். முழிக்கிற மாணவரின் நிலை அப்போதுதான் ஞாபகம் வரும்.

இயற்பியல்காரர்களுக்கு யாக்கவ் பெரெல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்'. 1913இல் வந்ததென்றாலும் அதிலுள்ள கேள்விகள் பழசாகவில்லை.

கேள்வி: முதல் வகுப்பு எடுக்கிறேன். நேற்றுச் சொல்லிக்கொடுத்த சொல் இன்றைக்கு மறந்துபோகிறது.

சில்வியா ஆஷ்டன்-வார்னரின் 'டீச்சர்' (1963) வாசியுங்கள் அம்மா. நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்தவர். உனக்கு எந்தச் சொல் வேண்டும் என்று ஒவ்வொரு குழந்தையிடமும் கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கொடுப்பார். மறுநாள் குழந்தைக்கு அடையாளம் தெரியாத சொல்லைத் தூக்கிப் போட்டுவிடுவார். தவறு பிள்ளையுடையது அல்ல, சொல் அதன் மனசுக்கு நெருக்கமானது இல்லை என்பது அவர் கணக்கு.

கேள்வி: தலைமையாசிரியராக இருக்கிறேன். எங்கள் ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து வாசித்துப் பேச ஒரு புத்தகம்?

'எங்களை ஏன் டீச்சர் ஃபெயிலாக்கினீங்க?' இத்தாலியின் பார்பியானா என்ற மலைக் கிராமத்துப் பள்ளியில் படித்த எட்டு மாணவர்கள் சேர்ந்து எழுதிய கடிதம், 1967இல் வெளியானது. தேர்வில் தோற்கடித்து வெளியே தள்ளிய ஆசிரியையிடம் நேருக்கு நேர் பேசுகிறார்கள். யார் யார் இடையில் நின்றார்கள், அவர்கள் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று எண்ணிக்கையோடு எடுத்து வைக்கிறார்கள். சில பக்கங்கள் சுடும். கோபப்படுகிறவர்களும் இருப்பார்கள், பேசட்டும் சார்.

மொழி ஆசிரியர்கள், கடிதத்தை எப்படி எழுதினோம் என்று அவர்களே சொல்லும் பகுதியை விட்டுவிடக் கூடாது. தோன்றியதையெல்லாம் தனித்தனித் தாளில் எழுதி, ஒருநாள் மொத்தத்தையும் மேசையில் பரப்பி, ஒரே மாதிரி இருப்பவற்றைக் கழித்து, மீதியை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். கட்டுரை எழுதச் சொல்லித் தர இதைவிடத் தெளிவான வழியை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

கேள்வி: ரொம்பக் களைத்துப் போயிருக்கிறேன் டீச்சர். பள்ளிக்கூடம் என்ற வார்த்தையே வேண்டாம்.

அப்படியானால் முதலில் நன்றாகத் தூங்குங்கள். பிறகு துப்பறியும் கதையோ பயண நூலோ, கை தானாக எதை எடுக்கிறதோ அது. குறிப்பெடுக்க வேண்டாம்.

கேள்வி: வாசிப்பதெல்லாம் ஒரு மாதத்தில் மறந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். படித்துவிட்டு, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்ததில் முந்தினார்கள். ஆகவே அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை ஐந்தாறு வரி எழுதுங்கள். வராத இடத்தை மட்டும் திறந்து பாருங்கள். உங்களுக்குப் பலன் தெரிந்தால், பள்ளி திறந்ததும் பிள்ளைகளிடமும் செய்து பார்க்கலாம்.

கேள்வி: தமிழாசிரியர் நான். இருபது வருடமாக அதே பாடங்கள். புதிதாக எதுவும் இல்லை என்ற சலிப்பு வந்துவிட்டது.

உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' வாசித்திருப்பீர்கள். இந்த முறை 1880இல், அவர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்குகிறார். முதலியார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். படித்ததில்லை. சுவடி கைக்கு வந்த பிறகும் பல இடம் விளங்கவில்லை. அது சமணக் காப்பியம் என்பதால், சமணர்களிடம் போய் மாணவராக உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்கிறார். சிந்தாமணியை அவரே பதிப்பித்து வெளியிட்டது 1887இல். அந்த ஏழாண்டுப் பக்கங்களை மெதுவாக வாசியுங்கள். முடிந்ததும், நீங்கள் இதுவரை தொடாத தமிழ் நூல் எது என்று எனக்கு எழுதுங்கள். அதை நாம் சேர்ந்தே வாசிக்கலாம்.