ரா இருக்கிறதே என்ற தைரியம்

கேள்வி: கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறேன். ரா ஃபார்மட்டுக்கு (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) மாறிய பிறகு எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவை, கவனிப்பதே குறைந்துவிட்டது. லைட்ரூம் என்ற திருத்தும் மென்பொருளில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறேன். ரா சோம்பேறியாக்கிவிடும், கேமராவே பக்குவப்படுத்திச் சுருக்கித் தரும் ஜேபெக்கிலேயே எடு என்கிறார் தொழில் கற்றுக்கொடுத்தவர். திரும்பிவிடவா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: திரும்ப வேண்டாம். நெகட்டிவ் பிலிம் காலத்திலும் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரட்டிப்பு, குறைந்தால் பாதி) கூடக்குறைய எடுத்ததை லேப்காரர்தான் பிரிண்டில் சமாளித்தார். அதை உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரிடம் மெல்ல நினைவூட்டுங்கள்.

ராவில் கவலைப்படாமல் தள்ளிப்போடக்கூடியது ஒயிட் பேலன்ஸ், அதாவது விளக்கின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் திருத்தம். எக்ஸ்போஷர் அப்படியில்லை. 3 ஸ்டாப் குறைத்து எடுத்தால் சென்சாரில் விழுவது எட்டில் ஒரு பங்கு வெளிச்சம்தான். பிறகு ஸ்லைடரைத் தள்ளினால் படத்தோடு நாய்ஸும் ஏறும். மாப்பிள்ளையின் கறுப்பு கோட்டில் பொடிப்பொடியாகத் தெரியும்.

கூடிப்போவது இன்னும் மோசம். அரக்குச் சிவப்புக் கூரைப் பட்டின்மேல் மஞ்சள் வீடியோ லைட் விழும்போது சிவப்பு சேனல்தான் (சிவப்பு நிறத்தின் பதிவு) முதலில் நிரம்பும். ஒற்றை வெள்ளை ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) ஒழுங்காக இருப்பதுபோலவே காட்டும். வீட்டில் திறந்தால் கொசுவ மடிப்பு ஒன்றுமில்லாமல் சிவப்புத் துணி ஒன்று தட்டையாக நிற்கும். 14 பிட் ராவில் 16,384 வெளிச்சப் படிகள் உண்டு, ஜேபெக்கில் நிறத்துக்கு 256தான். ஆனாலும் உச்சியைத் தொட்டுவிட்ட பிக்சலில் மீட்க எதுவும் இல்லை.

எனவே மூன்று நிற ஹிஸ்டோகிராமை ஆன் செய்யுங்கள். ரா எடுத்தாலும் கேமரா அதை உள்ளிருக்கும் ஜேபெக்கிலிருந்துதான் வரைகிறது. பிக்சர் ஸ்டைல் 'விவிட்' என்றிருந்தால் வீணாகப் பயமுறுத்தும், 'நியூட்ரல்' வையுங்கள். முகூர்த்தத்துக்கு முன் அதே வெளிச்சத்தில் புடவையை எக்ஸ்போஷர் 0, −⅓, −⅔, −1 ஸ்டாப் என நான்கு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஜரிகை இழை தனித்தனியாகத் தெரிகிற முதல் படம் எதுவோ, அந்த அளவில் எடுங்கள்.

ஃபோகஸ் தவறியது, தாலி கட்டும்போது 1/60 விநாடி ஷட்டரில் கை அசைந்தது, எல்இடி விளக்கால் விழுந்த பட்டை – இவற்றுக்கு ராவால் ஒரு உதவியும் இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; மலிவான விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும். பட்டை தெரிந்தால் ஷட்டரை 1/100க்கு இறக்குங்கள். மேடைக்குப் பின்னால் உள்ள எல்இடி திரையின் துடிப்பு வேறு, அதற்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

பிளாஷும் மஞ்சள் பல்பும் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள். அப்போது ஒயிட் பேலன்ஸைக்கூடத் தள்ளிப்போட முடியாது. பிளாஷில் ஆரஞ்சு ஜெல் (ஒளி ஊடுருவும் நிறத்தாள்) ஒட்டிவிடுங்கள்.

சோம்பலின் கூலியையும் கணக்குப் போடுங்கள்: 1,500 படம், படத்துக்கு 2 நிமிடத் திருத்தம் என்றால் 50 மணி நேரம்.

கேள்வி: ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்தே எடுத்தால்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பழகும் காலத்தில் நல்லது. ஜேபெக்கைத் திருத்தாமல் பார்த்தாலே எங்கே கோட்டைவிட்டோம் என்று தெரியும். ஆனால் தொடர்ச்சியாக அழுத்தும்போது பஃபர் (கார்டில் எழுதும்வரை படங்களைத் தாங்கும் தற்காலிக நினைவகம்) சீக்கிரம் நிரம்பி கேமரா நின்றுவிடும். தாலி கட்டும் நேரத்தில் மட்டும் ராவுக்கு மாற்றிவிடுங்கள்.