கேமரா கேள்விகள்: வெளுத்துப்போன இளநீர் வண்டி

கேள்வி: கல்லூரி விடுதிக்குப் போகும்போது மகள், எடுத்ததுமே படத்தைத் தாளில் தரும் தன் இன்ஸ்டாக்ஸ் மினி கேமராவை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். இளநீர் வண்டி, டீக்கடை, பஞ்சர் கடை என்று எங்கள் தெருவைத்தான் எடுக்கிறேன். பாதிப் படம் வெளுத்துவிடுகிறது. மீதியில் ஆட்கள் எறும்பு மாதிரி தெரிகிறார்கள். பத்துத் தாளில் ஏழு வீண். பேசாமல் போனிலேயே எடுக்கலாமா?
– வாசகி, தென்காசி

பதில்: கேமராவைப் பரணில் போட்டுவிடாதீர்கள் அம்மா. நேரத்தையும் தூரத்தையும் மாற்றிப் பாருங்கள், சரியாகிவிடும்.

அந்த பிலிமின் வேகம் ஐஎஸ்ஓ 800. கொஞ்ச வெளிச்சமே அதற்குப் போதும். உச்சி வெயிலில் எடுத்தால் வேட்டியும் எவர்சில்வர் டம்ளரும் வெறும் வெள்ளையாகத்தான் விழும். காலை எட்டரைக்குள் எடுங்கள், இல்லையென்றால் சாயங்காலம் நாலரைக்கு மேல். படம் விழும் இடமோ 62க்கு 46 மில்லிமீட்டர், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதில் தெரு முழுவதையும் அடைக்க முடியாது. ஒன்றரை மீட்டர் வரை கிட்டே போங்கள். இளநீர்க்காரரின் கை, அரிவாள், சீவிய காய், இவ்வளவு போதும்.

பிலிமை ஸ்கூட்டர் டிக்கியில் வைக்கவே வேண்டாம். 40 டிகிரிக்கு மேல் போனால் நிறம் கெட்டுப்போகும். படம் வெளியே வந்ததும் உதறவும் வேண்டாம். கேமராவின் உருளைகள் அதற்குள் மருந்தைத் தாளுக்குள் பரப்பியிருக்கும். நிழலில் பிடித்துக்கொண்டு காத்திருந்தால் போதும்.

வாக்கர் எவன்ஸ் என்ற அமெரிக்கர், 1936இல் அலபாமா குத்தகை விவசாயிகளை எடுத்துப் பேர் வாங்கியவர், 1973இல் எழுபது வயதை நெருங்கும்போது, இதே மாதிரி உடனே படம் தரும் போலராய்டு எஸ்எக்ஸ்-70 கேமராவைக் கையில் எடுத்தார். சாலையோரப் பலகைகள், தரையில் பெயின்ட்டால் எழுதிய எழுத்துகள், பழைய வீடுகள் என்று 2,600க்கும் மேல் எடுத்தார். அவருக்கு கம்பெனியே பிலிம் கொடுத்தது. நமக்குப் பத்துத் தாள்தான், அதனால் நின்று பார்த்து எடுக்க வேண்டியிருக்கிறது. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

போன் விஷயத்துக்கு வருகிறேன். பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அண்ணாச்சியை ஒருநாள் எடுத்தேன். வெள்ளைத் தாளைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் விழலியே" என்றார். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம். முதலில் கரிப்பெட்டி தெரிந்தது, அப்புறம் அவர் முழங்கை, கடைசியாக மடித்துவைத்த நீலச் சட்டை. ஒன்றரை நிமிஷம் ஆகியிருக்கும். அதுவரை அவரிடம் துணிக்கணக்கு தவிர நான் எதுவும் பேசியதில்லை. அன்றைக்குத்தான் அவர் அப்பாவும் அதே மரத்தடியில் பெட்டி தேய்த்தவர் என்று சொன்னார். போனில் எடுத்திருந்தால் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டியிருப்பேன்.

படத்தை அவரிடமே கொடுத்தேன். வண்டியின் வெளிப்பக்கம் ஒட்டிவிட்டார். நாலு மாதத்தில் வெயில் பட்டு நீலச் சட்டை சாம்பலாகிவிட்டது. முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன், அது இப்போது காசு போடும் டப்பாவின் மூடிக்கு உள்ளே இருக்கிறது. சில்லறை கொடுக்கத் திறக்கும்போதெல்லாம் தெரிகிறது.

அடுத்த பொட்டலம் வாங்கியதும் இளநீர்க்காரரை இரண்டு படம் எடுங்கள். ஒன்று அவருக்கு. வெயில் படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.