பேரலை மாற்றுவதற்கு முன்னால்

ரைஃபிள் ரேஞ்ச் ஒன்றில் பயிற்சியாளராகவும் துப்பாக்கிகளைப் பராமரிப்பவராகவும் பல வருடம் இருந்தவர், துப்பாக்கி சுடும் விளையாட்டு பற்றிய வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

*என் மகள் 50 மீட்டர் த்ரீ பொசிஷன் சுடுகிறாள். .22 அன்ஷூட்ஸ் ரைஃபிள், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சில மாதங்களாக ஸ்கோர் ஏறவே இல்லை. பேரல் (துப்பாக்கிக் குழல்) போய்விட்டது, மாற்றிவிடுங்கள் என்கிறார் ஒருவர். எந்தக் கம்பெனி பேரல் வாங்கலாம்?*
— ஒரு தந்தை, கோயம்புத்தூர்

கம்பெனிப் பெயரை அப்புறம் சொல்கிறேன். பேரல் போய்விட்டது என்றவர் அதைச் சோதித்துப் பார்த்துச் சொன்னாரா? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே, மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடும் இதே த்ரீ பொசிஷனில் வெண்கலம் வாங்கியதிலிருந்து எனக்கு இந்த மாதிரிக் கடிதங்கள் நிறைய வருகின்றன. பெரும்பாலானவற்றில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது பேரல்தான்! ஆனால் .22 பேரல் அவ்வளவு லேசில் தேயாது. குண்டு மெத்தென்ற ஈயம், மருந்தும் சொற்பம். பெரிய காலிபர் (குழல் விட்டம்) போட்டி ரைஃபிள்களில் சில ஆயிரம் ரவுண்டிலேயே பேரல் களைத்துவிடும். .22 பல பத்தாயிரம் ரவுண்ட் தாங்கும்.

ஆகவே முதலில் தோட்டாவைச் சந்தேகப்படுங்கள். ஒரே கம்பெனி, ஒரே ரகம், ஒரே விலை. டப்பாவில் அச்சடித்திருக்கும் லாட் நம்பர், அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதி என்ற எண், மட்டும் வேறு. ஒரு லாட் உங்கள் பேரலில் அழகாகக் கூடி விழும், அடுத்த லாட் சிதறும். பக்கத்து லேன் பையனின் ரைஃபிளில் அது அப்படியே தலைகீழாக நடக்கும். ஜாதகப் பொருத்தம் மாதிரிதான், ஆனால் இதைச் சுட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம். குண்டின் வேகத்தில் விநாடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் வந்தால், 50 மீட்டரில் அது ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் மேலேயோ கீழேயோ விழும். நல்ல லாட்டில் இந்த வித்தியாசம் குறைவு. தவிர, சுடும்போது பேரல் அதிரும். அந்த அதிர்வின் எந்தக் கட்டத்தில் குண்டு நுனியைத் தாண்டுகிறது என்பதும் ரைஃபிளுக்கு ரைஃபிள் மாறும்.

சோதனை இப்படி. ரைஃபிளை அசையாமல் பிடிக்கும் கிளாம்பில் பூட்டி, ஒவ்வொரு லாட்டிலும் 10 ரவுண்ட் வீதம் நாலைந்து குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட ஓட்டைகளின் கூட்டம்) சுடச் சொல்லுங்கள். ஒரே ஒரு குரூப்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அதிர்ஷ்டத்தில்கூட ஒன்று நன்றாக விழும். 50 மீட்டர் டார்கெட்டில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், குண்டு 5.6. கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், குண்டின் நடுப்புள்ளி மையத்திலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும். அதாவது ஓட்டைகளின் வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் சுமார் 21 மில்லிமீட்டருக்குள் குரூப் அடங்கினால் எல்லாம் பத்து. கிளாம்பில் 15-க்குள் விழுகிறது என்றால் பேரல் மேல் பழி இல்லை, மிச்ச இடம் உங்கள் மகளின் கை நடுக்கத்துக்கு. எந்த லாட் போட்டாலும் கிளாம்பிலேயே 25-க்கு மேல் போனால்தான் பேரல் போய்விட்டது என்றவர் சொன்னதை யோசிக்க வேண்டும். அப்போதும் ஸ்டாக்கில் (தோளில் வைக்கும் கட்டைப் பகுதி) ரைஃபிளைப் பிடித்திருக்கும் திருகுகள், பேரல் நுனியின் விளிம்பில் அடிபட்ட தடம், சேம்பருக்கு (தோட்டா உட்காரும் அறை) முன்னால் படிந்த கரி எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். செகண்ட் ஹேண்ட் ரைஃபிளில் அந்தக் கரியைப் பெரும்பாலும் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். கரிக்கு அடியில், ஆறு மணிப் பக்கம், அதாவது பேரலின் உள் அடிப்பக்கம், பொடிப்பொடியாக அரித்திருந்தால் அதுதான் உண்மையான தேய்மானம்.

இவ்வளவுக்கும் பிறகு மாற்றியே ஆக வேண்டுமென்றால் அன்ஷூட்ஸின் சொந்தப் பேரல், லோதர் வால்தர், அமெரிக்காவின் லில்ஜா, ஷிலன், எதிலும் குறை சொல்ல மாட்டேன். 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற ட்விஸ்ட்தான் (பேரலுக்குள் இருக்கும் வரிப்பள்ளம் சுற்றும் அளவு) .22-க்கு வழக்கம், அதில் புதுமை தேட வேண்டாம். வாங்குவதற்கு முன் மெத்தென்ற ஈயத் துண்டு ஒன்றை உள்ளே மெதுவாகத் தள்ளிக் காட்டச் சொல்லுங்கள். ஒரே சீராகப் போக வேண்டும், நுனியில் கொஞ்சம் இறுகினால் நல்லது. நுனியில் தளர்ந்தால் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம். என்னைக் கேட்டால், பேரல் செய்தவரைவிட அதில் சேம்பர் வெட்டிப் பொருத்துகிறவரைப் பார்த்துத்தான் பணம் கொடுப்பேன். 1959 ஆயுதச் சட்டப்படி பேரலும் ஆயுதத்தின் பாகமே. உரிமம் உள்ள இடத்தில்தான் வாங்கவும் மாற்றவும் வேண்டும்.

*பேரல் நீளமாக, கனமாக இருந்தால் துல்லியம் கூடுமா?*
— கல்லூரி மாணவர், மதுரை

நீளத்துக்கும் துல்லியத்துக்கும் நேர்ச் சம்பந்தம் இல்லை. .22-இன் மருந்து 16 முதல் 20 அங்குலத்துக்குள் தன் வேலையை முடித்துவிடும், அதற்குப் பிறகு உராய்வுதான். அந்தக் காலத்து 26, 27 அங்குலப் பேரல்கள் குறி பார்க்கும் முன் சைட்டைத் தள்ளி வைக்க வசதியாக இருந்தன. இப்போது குட்டைப் பேரலில் ஒரு ட்யூப் மாட்டி, அதன் மேல் சைட்டை வைத்துவிடுகிறார்கள்.

தடிமன் வேறு கதை. விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 10 சதவீதம் தடித்தால் விறைப்பு கிட்டத்தட்ட 46 சதவீதம் கூடும், எடையோ 21 சதவீதம்தான். லாபம்போலத் தெரியும். ஆனால் நின்று சுடும்போது அந்த எடை முழுக்க இடது கைக்கு முன்னால் தொங்கும். ஒரு முழு சீரிஸ் நின்று சுட்டுப் பார்க்காமல் கனமான பேரல் வாங்காதீர்கள்.

*ஸ்டெயின்லெஸ்ஸா, சாதா ஸ்டீலா? வீடு கடற்கரைக்குப் பக்கத்தில்.*
— தூத்துக்குடி வாசகர்

துல்லியத்தில் இரண்டும் ஒன்றுதான். உப்புக் காற்றுக்கு ஸ்டெயின்லெஸ் கொஞ்சம் தாங்கும், துருவே பிடிக்காது என்று நம்பிவிடாதீர்கள். எதுவானாலும் ஏசி ரேஞ்சிலிருந்து வெளியே எடுத்ததும் வேர்க்கும். துடைத்து, எண்ணெய்த் துணி போட்ட பிறகுதான் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

*10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கும் நல்ல பேரல் போடலாமா?*
— பள்ளி மாணவி, திருச்சி

வேண்டாம்மா. உன் டார்கெட்டில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி, அதற்கேற்றபடிதான் போட்டி ஏர் ரைஃபிள்களின் பேரல் கம்பெனியிலிருந்தே வருகிறது. பெல்லட்டின் (ஏர் ரைஃபிள் குண்டு) தலை அளவைக் கவனி. 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று டப்பாவில் போட்டிருக்கும். மூன்றிலும் ஒவ்வொரு டப்பா வாங்கி, கோச்சை வைத்துக்கொண்டு கிளாம்பில் சுட்டுப் பார். எதில் ஓட்டை சின்னதாக விழுகிறதோ அதில் சீசனுக்குத் தேவையானதை ஒரே லாட்டில் வாங்கி வைத்துக்கொள்.