முழுச் சிக்னல் காட்டுது, இன்டர்நெட் வரேல்லை

கேள்வி: அண்ணா, எங்கள் வீடு பரந்தனில். முன்வீட்டில் ஃபைபர் இருக்கிறது. பின்வளவில் நான் ரியூசன் நடத்தும் கொட்டிலுக்கு வைஃபை எட்டவில்லை. இன்னொரு ரவுட்டர் வாங்கி, முப்பது மீற்றர் கேபிள் இழுத்துப் பூட்டினோம். போனில் முழுச் சிக்னல், ஆனால் இன்டர்நெட் இல்லை. சில நேரம் முன்வீட்டிலும் நின்றுவிடுகிறது. கடைக்காரர் விலை கூடிய மெஷ் செட் (ஒன்றோடொன்று சேர்ந்து வைஃபை பரப்பும் பல பெட்டிகள்) எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம், தங்கச்சி. காசைக் கையில் வைத்திருங்கள். முழுச் சிக்னல் என்றால் உங்கள் போனுக்கும் கொட்டில் ரவுட்டருக்கும் இடையில் தொடர்பு நல்லாயிருக்கிறது என்பது மட்டும்தான். அதற்கு அப்பால்தான் சிக்கல்.

முன்வீட்டிலும் நிற்கிறது என்றீர்களே, அதுதான் முக்கியமான தடயம். போன்களுக்கு ஐபி விலாசம் (வலையமைப்பில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் இலக்கம்) கொடுக்கும் வேலைக்கு டிஎச்சிபி என்று பேர். ஒரு வீட்டில் அதை ஒரு ரவுட்டர்தான் செய்ய வேண்டும். உங்கள் வீட்டில் இரண்டும் செய்கின்றன போலிருக்கிறது. புதியதிடம் விலாசம் வாங்கிய போன், இணைப்பே இல்லாத வாசலில் போய் நிற்கும். இரண்டு ரவுட்டரும் 192.168.1.1 என்ற ஒரே விலாசத்தில் இருந்தால் குழப்பம் இன்னும் கூடும்.

கொட்டில் ரவுட்டரின் கேபிளைக் கழற்றிவிட்டு, போனை அதன் வைஃபையில் இணையுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் விலாசத்தை பிரவுசரில் அடித்து உள்ளே போங்கள். 'ஆக்சஸ் பாயிண்ட் மோட்' (Access Point, விலாசம் கொடுக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் முறை) இருந்தால் அதைத் தெரிவு செய்தாலே போதும். இல்லாவிட்டால், முன்வீட்டு ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதை 192.168.1.2 ஆக்கிச் சேமியுங்கள். புது விலாசத்தில் திரும்ப உள்ளே போய் டிஎச்சிபியை நிறுத்துங்கள். அப்புறம் கேபிளை 'வான்' (WAN) என்று எழுதிய துளையில் அல்ல, 'லான்' (LAN) என்று எழுதிய துளையில் செருகுங்கள்.

இதற்குப் பிறகும் வராவிட்டால் கேபிளைப் பாருங்கள். நூறு மீற்றர் வரை ஓடக்கூடியது என்பதால் தூரம் பிரச்சினையில்லை. உள்கம்பியைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிகிறதா? அது முழுச் செம்பு அல்ல, செம்பு பூசிய தரம் குறைந்த அலுமினியம், மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பில்லை எறிந்துவிட வேண்டாம். கடைக்காரர் மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் கூப்பிடலாம்.

கேபிள் வெளியால் போகிறது என்பதால் மின்னலை நினைத்துத்தான் எனக்குப் பயம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் வானம் இருட்டும்போதே இரண்டு முனையையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு அதைத் தொடவே வேண்டாம், பிள்ளைகளையும் தொடவிட வேண்டாம்.