எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்பதால் ஏதாவது நடக்கிறதா, இல்லை வெறும் சடங்குதானா?

இதைக் கேட்டவர் ஒன்று யு.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் சன்சத் டிவியைப் பத்து நிமிடம் பார்த்து வெறுத்துப்போனவராக இருக்க வேண்டும். முதல் வகை என்றால் உங்களுக்கு வேண்டியது கைடிலேயே இருக்கிறது. இரண்டாவது வகை என்றால் கொஞ்சம் உட்காருங்கள், பேசலாம். உங்களை வெறுக்க வைத்த அந்த மழுப்பல் பதில்களுக்குக் கணக்கு எடுத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

தென் மாவட்டம் ஒன்றில், மத்திய அரசு அலுவலகத்தில் முப்பத்து நாலு வருடம் குப்பை கொட்டினேன். வேலையை விட்டு ஓய்வு பெற்றவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தைப் பட்டுவாடா செய்கிற ஆபீஸ். பெயர் சொல்ல மாட்டேன். 2018-இல் ரிட்டையர் ஆகிவிட்டாலும் எனக்கும் பென்ஷன் வரவேண்டுமே. இன்னொன்று, எனக்கு எந்தக் கட்சியும் கிடையாது. கமெண்டில் வந்து சங்கி என்றோ உடன்பிறப்பு என்றோ ஆரம்பிக்க வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிவியில் நீங்கள் பார்ப்பது நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள். மக்களவையில் ஒரு நாளைக்கு 20. அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். கேட்ட எம்.பி. அதன் மேல் இரண்டு துணைக் கேள்வி போடலாம், மற்றவர்களும் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் 11 மணிக்குத் தொடங்கி 12 மணிக்கு முடிந்துவிடுவதால் நாலைந்து கேள்விக்கு மேல் பெரும்பாலும் நகராது. அமளி என்றால் அதுவும் இல்லை. டிவியில் வராதவை நட்சத்திரக் குறி இல்லாத 230 கேள்விகள். எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி, அவையில் தாளாக வைக்கப்படுபவை. யாரும் எழுந்து படிக்க மாட்டார்கள். நான் சொல்லப்போவது அப்படிப்பட்ட ஒரு கேள்வியைப் பற்றி.

எங்கள் ஆபீஸில் இதற்குப் பெயர் ‘பி.க்யூ.’. பார்லிமெண்ட் கொஸ்டின். அந்த இரண்டு எழுத்து மேலே இருந்தால் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவன்கூட மூடிவிட்டு எழுந்திருப்பான். எம்.பி. 15 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பதினைந்து நாளை டெல்லியில் ஒவ்வொரு மேஜையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டு எங்களுக்கு எலும்பை அனுப்பும்.

2003 டிசம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு ஃபேக்ஸ் வந்தது. கேட்டிருந்தவர் வட மாநில எம்.பி. ஒருவர். (அ) மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் இருக்கும் மனுக்கள் எத்தனை, (ஆ) மாநில வாரியாக விவரம், (இ) தாமதத்துக்குக் காரணம், (ஈ) அரசு எடுத்த நடவடிக்கை. வியாழன் மதியத்துக்குள் அனுப்ப வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் மாதாமாதம் மேலே அனுப்புகிற ஸ்டேட்மெண்டில் மூன்று மாதத்துக்கு மேல் நிலுவை என்கிற கட்டத்தில் வருடக்கணக்காக ‘நில்’ (Nil), அதாவது ஒன்றுமில்லை என்றுதான் போட்டுக்கொண்டிருந்தோம். போன மாதத் தாளைப் பார்த்து இந்த மாதம் எழுதுவோம், யாரும் கேட்டதில்லை. இப்போதும் நில் போட்டு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு சீனியர் சொன்னார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. சூப்பிரண்டெண்ட் மேடம் ஒத்துக்கொள்ளவில்லை.

“மாசாமாசம் போறது நம்ம கணக்கு. இது சபையில வைக்கிற பேப்பர். தப்புன்னு தெரிஞ்சா அமைச்சரே எந்திரிச்சுத் திருத்தம் சொல்லணும். சொல்லிட்டு வந்து நம்மள சும்மா விடுவாரா? பீரோவத் திறங்க.”

பீரோவின் அடித்தட்டில் கட்டுக் கட்டாக இருந்தது. நாடாவை அவிழ்த்தால் ராமபாணப் பூச்சி ஓடுகிறது. எண்ணினோம். நாற்பத்தேழு. அதில் பதினாறு என் மேஜையைச் சேர்ந்தவை. காரணங்களைப் படித்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. ஒரு பெரியவருடைய ஃபைலில், ஒரு தாளில் அவருக்கு இனிஷியல் சி, இன்னொரு தாளில் எஸ். தகப்பனார் பெயர் சின்னையா. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு குமாஸ்தா ஒரு எழுத்தில் ஆரம்பித்திருக்கிறார், இன்னொருவர் வேறு எழுத்தில். இதற்காக அந்த ஃபைல் ஒன்றே முக்கால் வருடம் என் பொறுப்பில் தூங்கியிருக்கிறது. அந்தப் பெரியவர் மாதம் ஒருமுறை குடையோடு வந்து, “ஏதாச்சும் தெரிஞ்சுதா தம்பி?” என்று கேட்டுவிட்டுப் போவார். மேடம் ஃபைலை வாங்கி, இரண்டும் ஒரே ஆள்தான் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான் வேலை.

இரண்டு ராத்திரி உட்கார்ந்தோம். டீக்கடைக்காரர் கெட்டிலோடு மாடிக்கே வந்து ஊற்றிக் கொடுத்தார். வியாழன் காலையில் பத்தொன்பது ஃபைல் முடிந்து பணத்துக்கு உத்தரவு ஆகிவிட்டது. பதினேழு பேருக்கு ‘இன்ன சான்று தேவை’ என்று கடிதம் அடித்து டிஸ்பாட்சில் சேர்த்தோம். கடிதம் போனால் பந்து மனுதாரர் பக்கம் போய்விடும், நம் நிலுவையில் வராது. இது பொய்யா என்று கேட்டால் விதிப்படி பொய் இல்லை. மீதி பதினொன்று. அந்தப் பதினொன்றைத்தான் டெல்லிக்கு அனுப்பினோம். இதில் எனக்குப் பெருமையும் உண்டு, அவமானமும் உண்டு. எது எவ்வளவு என்று இத்தனை வருடம் கழித்தும் பிரிக்க முடியவில்லை.

பிறகு பதிலின் நகல் சுற்றறிக்கையாக வந்தது. எங்கள் பதினொன்று தமிழ்நாட்டுக் கணக்கில் கரைந்திருந்தது. அரசு எடுத்த நடவடிக்கை என்ன என்கிற (ஈ)-க்கு வந்த பதில், ‘நிலுவைகளை விரைந்து முடிக்குமாறு அனைத்து அலுவலகங்களுக்கும் அறிவுறுத்தப்பட்டுள்ளது’. அந்த அறிவுறுத்தல் கடிதம் எங்களுக்கு எப்போது வந்தது தெரியுமா? பதில் அவையில் வைக்கப்படுவதற்கு முதல் நாள். பதில் உண்மையாக வேண்டும் என்பதற்காகவே அவசரமாக அடித்த கடிதம். நீங்கள் அந்தப் பதிலைப் படித்திருந்தால் வழக்கமான மழுப்பல் என்று தூக்கிப் போட்டிருப்பீர்கள். தப்பே இல்லை. ஆனால் எங்கள் பீரோவின் அடித்தட்டு அந்த வாரம் காலியானது.

பெரிய உதாரணம்தான் வேண்டும் என்றால் 1957-ஐப் பாருங்கள். எல்.ஐ.சி. பணத்தை முந்த்ரா என்கிற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளில் போட்டார்கள் என்று ராம் சுபக் சிங் மக்களவையில் ஒரு கேள்வி போட்டார். நேரான பதில் வரவில்லை. டிசம்பரில் பெரோஸ் காந்தி அதைப் பிடித்துக்கொண்டு உலுக்கினார். இருவருமே ஆளுங்கட்சி, அதிலும் பெரோஸ் பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி சாக்ளா கமிஷன் விசாரித்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். நம்ம ஊர்க்காரர்தான். எங்கள் யூனியன் தலைவர் இந்தக் கதையை வருடத்துக்கு ஒருமுறையாவது சொல்லாமல் விட மாட்டார்.

“அதெல்லாம் அந்தக் காலம், 2005-இல் கேள்வி கேட்கவே காசு வாங்கினார்களே” என்று யாராவது சொல்வீர்கள். உண்மைதான். ரகசிய கேமராவில் மாட்டிய 11 எம்.பி.க்களின் பதவி அந்த டிசம்பரிலேயே பறிபோனது. கேள்விக்கு ஒரு விலை இருந்தால்தானே அதை விற்க முடியும் என்றும் யோசித்துப் பாருங்கள். அவசரநிலையின்போது கேள்வி நேரத்தை நிறுத்தி வைத்தார்கள். 2020 செப்டம்பர் கூட்டத்தொடரிலும் கொரோனாவைச் சொல்லி எடுத்தார்கள். எழுத்துக் கேள்வி மட்டும் தப்பித்தது. ஊர் திரும்பும் வழியில் இறந்துபோன புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று எழுத்தில் கேட்டதற்கு, அப்படி ஒரு விவரம் இல்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். அந்த ‘இல்லை’தான் நாடு முழுக்கச் செய்தியானது. இரண்டு காலத்தையும் சொல்லிவிட்டேன், பாரபட்சம் என்று யாரும் வர முடியாது.

‘தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்’ என்று வருகிறதே, அதையும் சும்மா விடுவதில்லை. அது உறுதிமொழிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அதைத் துரத்த உறுதிமொழிக் குழு என்று தனியாக ஒன்று இருக்கிறது. பல வருடம் இழுக்கிறவையும் உண்டு, மறுக்கவில்லை. வருடக்கணக்காகியும் நினைவூட்டல் வந்துகொண்டே இருக்கும் ஒரே கடிதம் அதுதான்.

பேச்சோடு பேச்சாக என் வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை பதினெட்டு மாத அகவிலைப்படி, மூன்று தவணை, முடக்கினார்கள். என்னைப் போன்ற ஓய்வூதியர்களுக்கும் சேர்த்துத்தான். கொரோனா, சரி, பொறுத்துக்கொண்டோம். அப்புறம் தருவார்கள் என்று பார்த்தால் இன்று வரை இல்லை. எம்.பி.க்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், சாத்தியமில்லை என்றே பதில் வருகிறது. இதனால் அரசுக்கு மிச்சமானது 34,402.32 கோடி ரூபாய் என்று 2023 மார்ச்சில் மக்களவைக்கு எழுதிக் கொடுத்தார்கள். என் பணமும் அதில் இருக்கிறது, எவ்வளவு என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்வி கேட்டதில் எனக்குக் கிடைத்தது அந்தத் தொகையின் அளவு மட்டும்தான். சரி, இது இந்தக் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது.

அந்தக் குடைப் பெரியவர் பொங்கல் கழித்து வந்தார். பணம் பாஸ்புக்கில் ஏறிவிட்டது என்று காட்டினார். “எங்க வார்டு கவுன்சிலர்கிட்ட ஒரு வார்த்தை போட்டு வெச்சேன் தம்பி. பாத்தியா, சட்டுனு முடிச்சுக் குடுத்துட்டாரு!” என்றார். ‘ஆமாங்கய்யா’ என்றேன். வேறு என்ன சொல்வது? கையில் ஒரு பையில் ஆப்பிள் வைத்திருந்தார். கவுன்சிலர் வீட்டுக்குப் போகிற வழியில்தான் எங்கள் ஆபீஸுக்கு ஏறி வந்திருந்தார்.